கழுத்து நகர்ந்த மயில்

ஜூலை 29, செவ்வாய்

என் மனைவி சுகந்தி நூல் வாங்க ஈரோட்டுக்குப் போயிருக்கிறாள். அக்கா வீட்டில் தங்கிவிட்டு நாளை வருவாள். அவள் திரும்புவதற்குள் ஒரு பரிசு தயாராக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து உழைத்தேன்.

கோயமுத்தூர் வடவள்ளியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய எம்பிராய்டரி யூனிட். பல ஊசிகள் வைத்த ஒரு பெரிய மிஷின், அதற்கு டிசைன் அனுப்பும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, உதவிக்கு ரமீஜா. கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மயிலும் மாங்காயும் போட்டுத் தருகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். மென்பொருள் துறையிலேயே தலை நரைத்தவன் வீட்டில் இப்படி ஒன்று இருப்பது அவமானம். இத்தனை வருடம் நேரமில்லை. இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறேன். இந்த விடுப்பு நிறுவனமும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. முதலில் நிறுவனம் எடுத்தது.

அதிலிருந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் துடைத்து அழித்துவிட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய புதிய சிஸ்டம் ஒன்றைப் போட்டேன். இப்போது சுவிட்சைத் தட்டினால் கண்ணிமைப்பதற்குள் திறக்கிறது. திரையில் மருதமலைப் படம் வைத்திருக்கிறேன். சுகந்தி அசந்துபோவாள்.

ஜூலை 30, புதன்

அசந்துபோனாள்.

ஜூலை 31, வியாழன்

நேற்று விவரமாக எழுத மனம் வரவில்லை. நடந்தது இதுதான். நூல் மூட்டையை இறக்கி வைத்தாள், கம்ப்யூட்டரைத் திறந்தாள், மருதமலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டாள், பிறகு கேட்டாள்:

"மகாராஜா எங்கீங்க?"

"எந்த மகாராஜா?"

'ஸ்டிட்ச் மகாராஜா' என்பது அவளுடைய டிசைன் மென்பொருள். வரைந்த மயிலை மிஷினுக்குப் புரியும் தையல்களாக மாற்றித் தருவது. பழைய சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்களாம். அதன் சிடி தட்டு இருக்கிறது, ஆனால் புதிய சிஸ்டம் அந்தத் தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டிசைன் எல்லாம் பென் டிரைவ்ல பத்திரமா இருக்குதுங்க. அதைத் திறக்கற மகாராஜாவையே கொன்னு போட்டீங்களே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போடலாமென்றால், அதன் உரிம எண் அச்சிட்டிருந்த ஸ்டிக்கர் பெட்டியின் அடியில் தேய்ந்து வெள்ளையாக இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். இலவசமாகக் கிடைக்கும்போது காசு கொடுத்து வாங்குவது என் கொள்கைக்கு விரோதம் என்று விளக்கினேன். விடுப்பில் இருப்பவனுக்குக் கொள்கை முக்கியம்.

ரமீஜா கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு, "அக்கா, ஆவணி பதிமூணு பேரூர்க் கல்யாணம்" என்று மட்டும் சொன்னாள். பேரூர்ப் பெண்ணுக்கு முதுகு முழுக்க மயில். சொந்தக்காரப் பெண்களுக்கு மாங்காய்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். ஒரு சிஸ்டத்துக்காக எழுதிய மென்பொருளை இன்னொன்றில் ஓட வைப்பதற்கென்றே, நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசும் ஓர் அடுக்கு உண்டு. உலகமெங்கும் பலர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுவது. பெயர் பிரிட்ஜ். மகாராஜா ஏதாவது கேட்டால், பிரிட்ஜ் அதைப் புதிய சிஸ்டத்திடம் கேட்டு வாங்கி, பழைய சிஸ்டத்தின் குரலில் பதில் சொல்லும். அரண்மனை இடிக்கப்பட்டது மகாராஜாவுக்குத் தெரியவே கூடாது.

ஆனால் மகாராஜா வாசலிலேயே நின்றுகொண்டார். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பூட்டுச்சாவியைச் செருகினால்தான் அவர் எழுந்திருப்பார். அந்தச் சாவியைக் காட்டிக்கொடுக்க பிரிட்ஜுக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதியை இதுவரை யாருமே எழுதவில்லை.

நானே எழுதப் போகிறேன். இரண்டு நாள் வேலை என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். சாப்பிடும்போது, "ரெண்டு நாள் ஆச்சுங்களே" என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் தேங்காய்ச் சாதத்தை என் தட்டில் வைத்த விதத்தை நான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று ஒரு குழப்பம். மாடி வீட்டு நாச்சிமுத்து அண்ணன், ஓய்வு பெற்ற கண்டக்டர், காலையிலேயே வந்து நின்றார்.

"தம்பி, நீங்க பிரிட்ஜ் வேலை பாக்கறீங்கன்னு சுகந்தி சொல்லுச்சு."

"ஆமாங்கண்ணா. கொஞ்சம் சிக்கலான வேலை."

"நம்மூட்டுலயும் அதேதான். அடியில தண்ணியா ஒழுகுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

அது வேறு, இது வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். சிஸ்டம், அடுக்கு, மொழிபெயர்ப்பு என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போனது. "அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கம்ப்ரஸர் போயிருச்சான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

மறுக்க முடியாமல் போனேன். பின்னால் தண்ணீர் போகும் குழாயில் கறிவேப்பிலை அடைத்திருந்தது. எடுத்துவிட்டேன். ஒழுகல் நின்றது. அண்ணி காபி கொடுத்தார். "உங்களுக்கு இன்னைக்கு ஆபீஸ் இல்லீங்களா?" என்று கேட்டார். விடுப்பு என்றேன். "நல்ல ஆபீஸு" என்றார்.

இந்த மாதத்தில் நான் முழுதாக முடித்த முதல் வேலை இதுதான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மகாராஜா எழுந்துவிட்டார்! சாவியை ஏற்றுக்கொண்டார். திரையில் கிரீடம் சுழன்றது. நான் போட்ட சத்தத்தில் ரமீஜா ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள். மெனுவில் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கட்டமாகத் தெரிகிறது, அது சின்ன விஷயம். எந்தக் கட்டம் எதற்கு என்று சுகந்திக்குக் கை நினைவிலேயே தெரியும்.

அவளிடம் காட்டலாம் என்றால் ஆளில்லை. இப்போதெல்லாம் மத்தியானம் ஆனால் கோயிலுக்குப் போய்விடுகிறாள். ஆடி வெள்ளி என்றால் சரி, ஆடிச் செவ்வாய் என்றாலும் சரி. புதன், வியாழனும் போகிறாள். நடை சாத்தியிருக்கும் நேரம் அது. பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு போகிறாள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்தி. நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுத்துகளைச் சரிசெய்துவிட்டேன். பேரூர் மயிலை மகாராஜாவில் திறந்து, மிஷினுக்கு அனுப்பி, ஒரு பழைய துணியில் ஓட்டிப் பார்த்தோம். மூன்று பேரும் மிஷினைச் சுற்றி நின்றோம். முதலில் பச்சை நூலில் உடம்பு. அழகு. பிறகு நீலத்தில் கழுத்து.

கழுத்து, உடம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வந்தது. அடுத்து மஞ்சளில் கொண்டை. அது கழுத்திலிருந்தும் தள்ளி, தனியாகப் பறந்துகொண்டிருந்தது.

"உயிரு போகும்போது இப்படித்தான் ஆகும்போல" என்றாள் ரமீஜா.

சுகந்தி துணியை எடுத்து மடித்து, "பரவால்லீங்க, தையலு நெருக்கமா நல்லா விழுந்திருக்குது" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நான் எழுதிய பகுதிகளை பிரிட்ஜ் குழுவுக்கு அனுப்பினேன். அனுபவசாலிகள் பார்த்தால் கழுத்தின் ரகசியம் பிடிபடும். குறிப்பில், "இவற்றோடு பழைய சிஸ்டத்தின் ஒரு கணக்குத் தவறையும் திருத்தியிருக்கிறேன்" என்று அடக்கமாக எழுதினேன். இங்கிலீஷில் அடக்கம் இன்னும் நன்றாக வந்தது.

பதில் உடனே வந்தது. இந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் 'யோகால்' என்ற பெயரில் எழுதுகிறார். நார்வேயில் இருக்கிறாராம். தாடி வைத்து, யோகாசனம் செய்கிற வெள்ளைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டேன். பதில் ஒரே சொல்:

"ஏன்?"

ஆகஸ்ட் 14, வியாழன்

ஏன் என்பதற்கு ஒரு பக்கம் எழுதினேன். யோகால் அதற்கு, "இது கேள்விக்குப் பதில் இல்லை" என்றார். இவ்வளவு கோபம் இருப்பவருக்கு யோகாசனம் எதற்கு?

பேரூரிலிருந்து பெண்ணின் அம்மா போன் செய்தார். பெண்ணுக்கு இப்போது ஒரு மயில் போதாதாம். எதிரெதிரே பார்க்கிற மாதிரி இரண்டு வேண்டுமாம். சுகந்தி, "செஞ்சிடலாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்ததும் சிரிப்பையும் வைத்துவிட்டாள். டிசைனைப் புதிதாகப் போட வேண்டும்.

இரண்டு மயில், இரண்டு கழுத்து.

ஆகஸ்ட் 16, சனி

இன்று நடந்ததை நம்புவதற்கே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எழுத்தில் தீராது, நேரில் பேசலாம் என்று யோகால் அழைத்திருந்தார். சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவி, இங்கிலீஷில் நான்கு வாக்கியம் தயாராக வைத்துக்கொண்டு வீடியோவில் உட்கார்ந்தேன். திரையில் வழுக்கைத் தலையோடு, நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர் தோன்றினார். நான் முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து சுகந்தி, "ஏனுங்க, தோசை ஆறிப்போகுதுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தமிழோ?"

"ஆமாங்க. நீங்க?"

"நான் யோகலிங்கம். ஊர் யாழ்ப்பாணத்தில சாவகச்சேரி. இஞ்ச நோர்வேயில, பேர்கனில முப்பது வருசமா இருக்கிறன். ஐயோ, நீங்கள் தமிழெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! இங்கிலிசில கோவமாத்தான் எழுத வரும் எனக்கு."

"நான் உங்களை வெள்ளைக்காரர்னு நெனச்சேனுங்க."

"நான் உங்களைப் பெரிய பிரபுவாக்கும் எண்டு நினைச்சன். பேருக்குப் பின்னால சி.பி.இ. எண்டு போட்டிருக்கிறியள். இங்கிலாந்து மகாராணி குடுத்த பட்டமோ எண்டு பயந்துபோனன்."

"அது கோயமுத்தூருங்க. ரயில்வேல அப்படித்தான் போடுவாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் படம் உறைந்துவிட்டது. படம் மறுபடி ஓடத் தொடங்கியதும், சுகந்தி தோசைத் தட்டோடு வந்து நின்றாள். வணக்கம் சொன்னாள். நான் தோசை தின்று முடிப்பதற்குள் அவள் கழுத்து நகர்ந்த மயிலைக் காமிராவுக்கு முன் விரித்துக் காட்டிவிட்டாள்.

"தங்கச்சி, இது ஒவ்வொரு நிறத்துக்கும் கூடிக்கூடிப் போகுதே. பழைய சிஸ்டத்தில இப்பிடி வந்ததோ?"

"ஒருக்காலும் வந்ததில்லீங்கண்ணா."

"அப்ப தம்பி, நீங்கள் திருத்தினன் எண்டு எழுதின இடத்திலதான் பிழை. அதைத்தான் ஏன் எண்டு கேட்டனான்."

கணக்குப்படி நான் செய்தது சரிதான் என்று சொன்னேன்.

"நீங்கள் சரியா இருக்கத் தேவையில்லை. அதைப்போலவே இருந்தாக் காணும், அது போதும். அது பிழை விட்டா நாங்களும் அதே பிழையை விடவேணும்."

வேலை பார்த்த காலம் முழுக்க இப்படி ஒரு கட்டளையை யாரும் எனக்குத் தந்ததில்லை. பழைய சிஸ்டம் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் ஒரு சின்னச் சோதனை ஓட்டி, அது என்ன பதில் தருகிறது என்று பார்த்து வரச் சொன்னார். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு எங்கே போவது?

"எனக்கு ஒரு எடம் தெரியுங்க" என்றாள் சுகந்தி. என்னைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இடம், சாந்தாமணி டிசைன்ஸ். இரண்டு தெரு தள்ளி. சுகந்திக்கும் சாந்தாமணிக்கும் தொழில் போட்டி, கல்யாண வீடுகளில் பார்த்தால்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் சாந்தாமணி அக்கா, "வா சுகந்தி, இன்னைக்கு முன்னாலயே வந்துட்டே? மத்தியானந்தானே வருவே?" என்றார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பழைய சிஸ்டம் ஓடும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியில் எங்கள் வீட்டுத் திண்டு கிடந்தது. சுவரோரம் பேரூர்ச் சொந்தக்காரப் பெண்களின் ஜாக்கெட்டுகள், மாங்காய் முடிந்து, அடுக்கியிருந்தன.

இதுதான் கோயில்.

நான் திண்டைத் திருப்பிப் பார்த்தேன். சுகந்தி ஜாக்கெட்டுகளை எண்ணத் தொடங்கினாள். சாந்தாமணி அக்காதான் தாங்க முடியாமல், "ஆடியில எங்களுக்கு வேலை கம்மிங்க, அதான் தந்தேன். ஆவணி பொறந்துருச்சு, இனி எங்களுக்கே கம்ப்யூட்டர் பத்தாது. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சுகந்திதான்..." என்று பாதியில் நிறுத்தினார்.

சோதனையை ஓட்டினேன். விடைகளைக் குறித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது திண்டை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். வெயில் அதிகம். கண்ணில் வியர்வை இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பிடிபட்டுவிட்டது. மகாராஜா ஒவ்வொரு தையலின் இடத்தையும் தசமப் புள்ளியோடு கணக்கிட்டு, முழு எண்ணாக்கித் தரும்படி சிஸ்டத்தைக் கேட்கிறார். பாதி வந்தால் மேலே ஏற்ற வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. பழைய சிஸ்டம் எப்போதும் கீழே தள்ளிவிடுகிறது. மகாராஜாவை எழுதியவர்கள் அது தெரிந்து, ஒவ்வொரு நிறத்தின் கடைசியிலும் தங்கள் பக்கமிருந்து கொஞ்சம் கூட்டி ஈடுகட்டியிருக்கிறார்கள். அவர்களும் திருத்தி, நானும் திருத்தி, இரண்டு திருத்தத்துக்கும் நடுவில் மயிலின் கழுத்து நகர்ந்துவிட்டது.

என் திருத்தத்தை எடுத்துவிட்டுத் தப்பைத் திரும்ப வைத்தேன். கை கூசியது. யோகலிங்கம் அண்ணனுக்கு அனுப்பினேன். பதில் இந்த முறை தமிழில், அழகை வடிவு என்று சொல்லும் அவர் ஊர்த் தமிழில்:

"வடிவான பிழை. ஏற்றுக்கொள்கிறேன்."

ஆகஸ்ட் 21, வியாழன்

புது டிசைனை சுகந்தி எங்கள் வீட்டிலேயே, எங்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டாள். இரண்டு மயில், எதிரெதிரே. முதலில் பழைய துணியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். "வேண்டாங்க" என்று பேரூர்ப் பட்டுத்துணியையே சட்டத்தில் மாட்டினாள். அந்தப் பட்டு கிழிந்தால் அதே நிறத்தில் வேறு கிடையாது. ரமீஜா பிஸ்மில்லா சொன்னாள். நான் சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவினேன்.

பச்சை முடிந்து மிஷின் நின்றது. ஊசி மாறியது. நீலம் ஓடத் தொடங்கியது. டம்ளர்கள் எல்லாம் கழுவி முடிந்தன. பிறகு சுகந்தி கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க."

கழுத்து உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டிலும். கொண்டை தலைமேல் இருந்தது. சுகந்தி விரலால் அந்த இணைப்பைத் தடவிப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். இடைவெளி தெரியவில்லை.

"அல்ஹம்துலில்லா, உயிரு வந்துருச்சு" என்றாள் ரமீஜா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று சுகந்தியிடம் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சாப்பாட்டு நேரம்தான் சரி என்று பட்டது.

"சுகந்தி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ரசம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்து. விசயம் என்னன்னா, கம்பெனியில ஒரு மறுசீரமைப்பு. அதுல பல பேர..."

"வேலை போயிருச்சு. தெரியுங்க."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"எப்ப இருந்து?"

"ஆனி மாசமே. உங்க ஐடி கார்டக் குப்பைக்கூடையில போட்டிருந்தீங்களே. கார்ட பீரோவுல வெச்சேன். கயிறு கெட்டியா நல்லா இருந்துதுன்னு கத்தரியக் கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டேன்." கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு மாசமா உங்க கம்பெனிப் பேரு உங்க கண்ணு முன்னாடிதாங்க தொங்குது."

பார்த்தேன். நீலக் கயிறு, வெள்ளை எழுத்து, நுனியில் நூல் வெட்டும் கத்தரி. எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று இப்போதும் புரியவில்லை.

"ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான். சொல்லாம நீங்க பாட்டுக்குக் கம்ப்யூட்டரு முன்னால உக்காந்து தலையப் பிச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்குக் கோவம்தான் வந்துது. மொத நாள் அழக்கூட அழுதேன், மகாராஜாவுக்காகன்னு நெனச்சுக்கிட்டீங்க." சோற்றின் நடுவில் குழி செய்து ரசத்தை ஊற்றினாள். "ஆனாலும் ஒண்ணுங்க. ஆபீஸு போயிட்டு இருந்தப்ப, நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு எனக்கு ஒரு நாளும் புரிஞ்சதில்ல. இது புரிஞ்சுது."

நான் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. இதற்கு மேல் எழுத இன்று முடியாது.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று பேரூரில் கல்யாணம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள், ரமீஜாவும் வந்தாள். போட்டோக்காரர் பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைத்தான் அதிகமாக எடுத்தார். மாப்பிள்ளை ஓரமாகப் பொறுமையாக நின்றார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எனக்கு எங்கே வேலை என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். வாயிலிருந்து சுலபமாகவே வந்தது. அவர், "பாயசம் நல்லா இருக்குது, இன்னொருவாட்டி கேளுங்க" என்றார். கேட்டேன்.

யோகலிங்கம் அண்ணன் பிரிட்ஜின் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டார். என் பெயருக்குப் பின்னால் சி.பி.இ. என்பதை எடுக்காமல் வைத்திருக்கிறார். இருக்கட்டும் என்றாராம் சுகந்தியிடம். இருவரும் வாரம் ஒருமுறை பேசுகிறார்கள்.

இன்று காலை மிஷினுக்கு அடியில் படுத்து, அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றிப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, சுகந்தி எடுத்தாள். சேலத்திலிருந்து ஒரு அம்மா, சாந்தாமணி அக்கா நம்பர் கொடுத்தாராம். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரை மருமகன் புதுசாக்குகிறேன் என்று மாற்றிவிட்டானாம், மகாராஜா காணாமல் போய்விட்டாராம். மூச்சுவிடாமல் அவர் பேசியது எனக்குக் கீழே வரை கேட்டது. அந்த மருமகனை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

"இருக்காருங்க, அவருதான் செஞ்சாரு" என்றாள் சுகந்தி. பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் பஞ்சோடு நான் எழுந்திருக்கப் பார்த்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இப்பப் பேச முடியாதுங்களேம்மா. செத்த நேரங்கழிச்சுக் கூப்பிடறீங்களா? அவரு வேலையில இருக்காருங்க."

பாபினை மாட்டி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.